கறிவேப்பிலை அம்மன்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், சாமியை வைத்துப் பகிடி விடக்கூடாது. மற்றபடி எதை வைத்தும் விடலாம்: முதலாளியின் தொப்பையை, என் கணவரின் பென்ஷனை, கார் து நோர் நிலையத்துக்கு நேரத்துக்கு வராத ரயிலை. சட்டத்தைப் போட்டவர் முதலாளி. போட வைத்தவர் எங்கள் சமையல்காரர். காரணமாக இருந்தவள் ரோல்ஸ் அக்கா. நான் சும்மா சிரித்தவள், அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

நான் புதுச்சேரிக்காரி, கத்தோலிக்கப் பெண். என் கணவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையிலிருந்து மாலை வரை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருடமாக நான் வைத்த சாம்பாரில் என்ன குறை என்று விளக்கத் தொடங்கியதும், நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கடையின் முன்பக்கம் என்னுடையது. பிரெஞ்சில் வரும் தொலைபேசிகளை எடுப்பேன், ஆர்டர் எழுதுவேன், காசு வாங்கிப் போடுவேன். பின்பக்கம் குசினியில் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். என்னைப் ‘பாண்டி அக்கா’ என்பார்கள். என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். குசினி என்ற சொல் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. அதனால் அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொண்டேன்.

சமையல்காரரைச் சாமியண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கும் வயது, நெற்றி நிறையத் திருநீறு. காலையில் அடுப்பு மூட்டும் முன் கற்பூரம் கொளுத்தி, குசினி மூலைச் சுவரில் அடித்திருக்கும் சாமித் தட்டுக்குக் காட்டி, பிறகு அடுப்புக்கும் காட்டுவார். அது முடியும் வரை யாரும் பேசக்கூடாது. பேச நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் கூரையில் இருக்கும் புகைக் கருவி அலறத் தொடங்கிவிடும். கடைசியில் முதலாளி அதற்கு ஒரு குளியல் தொப்பியை மாட்டிவிட்டார். தட்டில் நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் பிள்ளையாரும் முருகனும். ஓரத்தில் லூர்து மாதா. முதலாளி லூர்துக்குப் பேருந்துப் பயணம் போனபோது வாங்கி வந்தது. இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, வேறு விஷயங்களில் அவ்வளவாக இல்லை.

சாமியண்ணை ஏதோ நேர்த்தி வைத்து மச்சம் மாமிசத்தை விட்டவர். ஆட்டுக்கறி சமைப்பார், ஆனால் ருசி பார்க்க மாட்டார். உப்புப் பார்ப்பது ரோல்ஸ் அக்காவின் வேலை. அவள் என்னைவிட இளையவள்தான், இருந்தாலும் கடை முழுவதற்கும் அக்கா. காலையிலிருந்து நின்றபடி மாவை ஊற்றி, கறியை வைத்துச் சுற்றி, ரொட்டித் தூளில் புரட்டி ரோல்ஸ் செய்வாள். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவாள். மந்திரத்துக்கு நடுவில் தொலைபேசியை எட்டிப் பார்க்கும் ஐயர். ஒபர்வில்லியேயில் ஒலிவாங்கியை வைத்தே முழங்கால் வலியைக் குணப்படுத்தும் அல்லேலூயா போதகர். எங்கள் மாதா கோவில் சாமியாரையும் விட்டு வைக்கவில்லை. ஆனால் அவளுடைய உச்சம், புறநகரில் அடுக்குமாடி வீட்டில் செவ்வாய்க்கிழமைகளில் கலை வந்து, அதாவது சாமி வந்து, ஆடி வாக்குச் சொல்லும் ஒரு அம்மாதான். கீழ்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார் என்பதால் அம்மன் அங்கே குதிகால் படாமல்தான் ஆடுவாளாம். ரோல்ஸ் அக்கா அதை நுனிக்காலில் ஆடிக் காட்டும்போது நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

படுக்கையறைப் பகிடிகளுக்கும் அவளிடம் பஞ்சம் கிடையாது. அவற்றை எழுத முடியாது, என் மகன் படிப்பான்.

ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில், வேலையிடத்தில் அசிங்கமான பகிடிகளுக்குச் சிரிக்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தால்தான் அளக்க முடியும் என்பதுபோல், என்ன பகிடி என்று கேட்டார் சாமியார். பிரெஞ்சில் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் இருமினார். பிராயச்சித்தம் சின்னதாகவே கிடைத்தது. சிரிக்கவே தெரியாத பக்தியின்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

சாமியண்ணைக்கு அப்படியில்லை. ரோல்ஸ் அக்கா வாயைத் திறந்தால் அவர் புகைபோக்கியின் விசையைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவளும் குரலைக் கூட்டுவாள். இப்படியே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் அவருடைய ஒரே மகள், தான் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கல்யாணம் செய்யப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். பிரெத்தாஞ் பக்கத்துப் பையன். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன். இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். சாமியண்ணையின் வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் அப்படி இல்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தானே. செய்தி கேட்டு உறவுக்காரர்கள் இரண்டு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். குசினி வாசலில் நின்றுகொண்டு, இனி நாங்கள் எப்படிச் சபையில் முகம் காட்டுவது என்று ஒருவர் கேட்டார். மற்றவர் அதையே இன்னும் கொஞ்சம் நீட்டிக் கேட்டார். சாமியண்ணை உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். சாமித் தட்டுக்கு முன்னால் நின்று, மற்றக் கையால் அதை அடித்து அணைத்தார்.

“இந்தக் கலியாணத்துக்கு நான் காலடி வைக்க மாட்டன். அம்மன் மேலை சத்தியம்.”

உறவுக்காரர்கள் திருப்தியாகப் போனார்கள். போகும்போது ரோல்ஸும் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் மிச்சக் காசை மேசையில் வீசினேன்.

அடுத்த நாள்தான் ரோல்ஸ் அக்கா அந்தப் பகிடியை விட்டாள். முருகன் வள்ளியைக் கட்டும்போது யாரிடம் சாதகம் பார்த்தார் என்று கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அண்ணை, அந்த முருகனே வந்து உங்கடை வீட்டிலை பொம்பிளை கேட்டாலும், நீங்கள் பப்பியே கொண்டு வா எண்டுதான் சொல்லுவியள்” என்றாள். பப்பியே என்றால் இங்கே வசிப்பதற்கான அனுமதிப் பத்திரம். நான் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வெடித்து வந்துவிட்டது. சாமியண்ணை அகப்பையை வைத்துவிட்டு நேராக முதலாளியிடம் போனார். அன்று மாலைக்குள் சட்டம் வந்துவிட்டது: சாமிப் பகிடி விடுகிறவர் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். ரோல்ஸ் அக்கா வாயை மூடிக்கொண்டாள். குசினி செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணம் செப்டம்பரில், நகர மன்றமான மெரியில் பதிவு, பிறகு பக்கத்து மண்டபத்தில் விருந்து. நாள் நெருங்க நெருங்கச் சாமியண்ணை உருகிப்போனார். சட்டை தோளில் நிற்கவில்லை. ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் என்னிடம் வந்து, உங்கள் சமயத்தில் செய்த சத்தியத்தை எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டார். சாமியாரிடம் சொன்னால் அவர் பார்த்து அவிழ்த்துவிடுவார் என்றேன். “லேசான சமயம்” என்றார். கிண்டலாக இல்லை, ஏக்கமாகத்தான் சொன்னார். கோயில் ஐயரிடமும் கேட்டிருக்கிறார். சத்தியம் அம்மனிடம் செய்தது, அம்மன்தான் விடுவிக்க வேண்டும் என்று அவர் கழன்றுகொண்டாராம். செவ்வாய்க்கிழமை அம்மாவிடமும் போயிருக்கிறார். தை பிறக்கட்டும் என்று வாக்கு வந்ததாம். கல்யாணமோ செப்டம்பரில். மனிதர் போகத் துடிக்கிறார், தன் கையாலேயே அடித்துக்கொண்ட பூட்டு திறக்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோல்ஸ் அக்காவிடமும்தான்.

கல்யாண வாரத்தில் மகளே கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். பிரெஞ்சில்தான் பேசினாள், அதனால் என்னிடம் வந்து மாட்டினாள். விருந்துக்கு ரோல்ஸும் வடையும் வேண்டும் என்றாள். அப்பாதான் செய்வாரா என்று கேட்டாள். வேறு யார் செய்வார்கள் என்றேன். அப்படியென்றால் சரி, அவர் வரமாட்டார், அவர் சமைத்ததாவது வரட்டும் என்று சொல்லிவிட்டு, அவசரமாக நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் ஆர்டர் சீட்டைக் கொண்டுபோய்க் குசினியில் செருகினேன். சாமியண்ணை மண்டபத்தின் முகவரியைப் பார்த்தார். “உறைப்பைக் குறைக்க வேணும். அங்கை வெள்ளைக்காரர் இருப்பினம்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த ஆர்டருக்கான வேலை நடந்தது. ஆட்டுக்கறியைக் கிண்டி வைத்துவிட்டு, அவர் கைகழுவி, புதுச் சட்டி எடுத்து, புது எண்ணெய் ஊற்றி, உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டுச் சைவத்துக்குத் தனியாகக் கறி வைத்தார். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. முட்டை கலந்த மாவு அதில் பட்டுவிடக் கூடாது என்று ரோல்ஸ் அக்காவுக்கு வேறு மாவு கரைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு பார்க்கும் மனிதர் நாளைக்கு இதே அடுப்படியில் நிற்கப்போகிறார் என்று நினைத்தபோது எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ரோல்ஸ் அக்காவுக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வருத்தம் வந்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவளுக்குப் பகிடிதான் வரும். முதலாளி சாமான் எடுக்க வெளியே போயிருந்தார். அவள் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தலையில் போட்டிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி எறிந்தாள், கூந்தலை அவிழ்த்துவிட்டாள். வேப்பிலைக்கு எங்கே போவது, மேசையில் கிடந்த கறிவேப்பிலைக் கட்டை எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று ஆடத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை அம்மாவின் அதே உறுமல். நடுவில் கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து குரலைத் தாழ்த்துவது உட்பட எல்லாம். “ஆரடா என்ரை பிள்ளை” என்று இலையால் தன் முதுகிலேயே அடித்துக்கொண்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, இன்றைக்கு இவள் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

சாமியண்ணை திரும்பிப் பார்த்தார். கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார். காலில் போட்டிருந்த குசினிச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். வெறுங்காலோடு வந்து ரோல்ஸ் அக்காவுக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

“தாயே, உனக்கு முன்னாலை நிண்டு கற்பூரம் அடிச்சுப்போட்டன். அதை எடுத்துவிடு. எனக்கு என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் போகவேணும்.”

ரோல்ஸ் அக்காவின் கை அப்படியே மேலே நின்றுவிட்டது. இலை மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். எத்தனை பகிடி விட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறவள்தானே. பகிடி என்று சொல்லிவிட்டால் அவர் சத்தியத்தோடு அங்கேயே நிற்பார். சொல்லாவிட்டால், அம்மன் பேரில் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ தெரியாது.

கையைக் கீழே விட்டாள். உறுமவில்லை. தன் சொந்தக் குரலில், மெதுவாகத்தான் சொன்னாள்.

“எடுத்துப்போட்டன். போ. சாப்பாட்டையும் நீயே கொண்டுபோய்க் குடு.”

வாக்குச் சொன்னால் திருநீறு பூச வேண்டும் அல்லவா? அது கைக்கு எட்டவில்லை. மேசையில் இருந்த கோதுமை மாவை மூன்று விரலால் தொட்டு, குனிந்திருந்த அவர் நெற்றியில் இழுத்துவிட்டாள். அவர் கண்களை மூடி நின்றார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தலைவிரித்த ரோல்ஸ் அக்கா, வெறுங்காலில் சமையல்காரர், நெற்றியில் மாவு, அணைந்த அடுப்பு. என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டார்.

“நாளைக்கு எனக்கு லீவு வேணும்” என்றார் சாமியண்ணை.

முதலாளி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று சொல்லி முன்பக்கம் போய்விட்டார். மேற்கொண்டு எதையும் கேட்காமல் போக அவருக்கும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

ரோல்ஸ் அக்கா அன்று முழுக்க என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அவர் உண்மையென்று நம்பிவிட்டார், அம்மன் தன்னைச் சும்மா விடமாட்டாள், கையோ நாக்கோ விழுந்துவிடும் என்று பயந்தாள். உங்கள் சாமியார் எங்களுக்கும் பாவமன்னிப்புத் தருவாரா என்றுகூடக் கேட்டாள். நான், அந்த மனிதர் ஒன்றும் அவ்வளவு அப்பாவி இல்லை, கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாதவரா சமையல்காரர் என்று வாதாடினேன். அப்படியானால் ஏன் சப்பாத்தைக் கழற்றினார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேலை முடிந்ததும் அவள் நேரே கோயிலுக்குப் போய் அம்மனுக்கு அருச்சனை செய்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. மகள். பின்னால் பாட்டும் கூச்சலும். அப்பா வந்துவிட்டார், கோட்டுப் போட்டுக்கொண்டு, ரோல்ஸ் தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மெரிப் படியில் ஏறி வந்தார் என்று சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் சொன்னாள். இப்போது எங்கே என்று கேட்டேன். மண்டபத்துக் குசினியில் நிற்கிறார், எண்ணெய் சூடு போதாது என்று அங்கே இருந்தவர்களோடு சண்டை பிடிக்கிறார், மாப்பிள்ளை நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான் என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, குசினிக்கு ஓடி ரோல்ஸ் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். என் கறுப்புச் சட்டையெல்லாம் மாவு.

திங்கட்கிழமை சாமியண்ணை வேலைக்கு வந்தபோது கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. கற்பூரம் காட்டி முடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தார். மஞ்சள் கரை, அம்மனுக்குச் சாத்துகிற மாதிரிச் சேலை. அதை ரோல்ஸ் மேசையில், மாவு படாத ஒரு மூலை பார்த்து வைத்தார்.

ரோல்ஸ் அக்கா பின்வாங்கினாள். “அண்ணை, இதைக் கோயிலிலை எல்லே குடுக்கவேணும்.”

“கோயிலுக்கு வேறை குடுத்திட்டன். இது உமக்கு.”

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். “அண்ணை, எனக்குக் கலை ஒண்டும் வரேல்லை. நான் அண்டைக்குப் பகிடிக்குத்தான் ஆடினனான்.”

“தெரியும்” என்றார் அவர். அடுப்புப் பக்கம் திரும்பியவர், நின்று, கூச்சத்தோடு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “ஆக்களுக்குக் காட்டுறதுக்காகக் கற்பூரம் அடிச்சனான். அம்மனுக்கு முன்னாலை நிண்டு பகிடி விட்டது நான்தான், பிள்ளை. நீரில்லை.”

ரோல்ஸ் அக்கா சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. அவர் அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.